ஆறுதல் ஊழியம்

ஜன்னலை ஏன் தங்கச்சி சாத்துதிய? காத்து வரட்டும். நான் திசையன்விளையில ஏறினதுல இருந்து பாக்கேன், வெளியவே பாத்துட்டு இருக்கிய, மூஞ்சியே சரியில்லை. வீட்டுல யாரும் இறந்துட்டாவளா? இல்லையா? ஆஸ்பத்திரியில யாரும் கிடக்காவளா? அதுவும் இல்லையா. சரி, சொல்ல இஷ்டமில்லைன்னா சொல்ல வேண்டாம். நான் யாரையும் வற்புறுத்துத ஆளு இல்லை. ஆனா துக்கம்னா எனக்குத் தெரிஞ்சிரும் பாத்துக்கிடுங்க. தெருமுனையில வரும்போதே தெரிஞ்சிரும். ஆண்டவர் எனக்குக் குடுத்த வரம் அது.

என் பேரு கிருபாவதி. பாளையங்கோட்டையில எங்க சபையில போய்க் கேட்டியன்னா சின்னப்பிள்ளையும் சொல்லும், ஆறுதல் ஊழியம் கிருபாவதி அக்கான்னு. கல்யாண வீட்டுக்கு என்னைக் கூப்பிட மறந்தாலும் மறப்பாவ, துக்க வீட்டுக்கு மறக்க மாட்டாவ. கூப்பிடாட்டியும் நான் போயிருவேன், அது வேற விஷயம். போன மாசம் ஒரு வீட்டுக்குப் போனோம். பெரியவரு கட்டில்ல கிடக்காரு. நாங்க நடையேறினதுமே மருமவக்காரி ஓடிவந்து, "அக்கா, மாமா இன்னும் இருக்காவ"ங்கா. "அதனால என்னம்மா, வந்தது வந்துட்டோம்"னு உள்ள போய் ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்தோம். பெரியவரு கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருத்தியா பாத்தாரு. அப்படியே சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அவ்வளவு சமாதானம் அந்த மனுசனுக்கு.

இதுல ஒரு முறை இருக்கு தங்கச்சி. எல்லாரும் என்ன செய்வாவ, துக்க வீட்டுக்குப் போயி அவங்களோட சேந்து அழுதுட்டு வருவாவ. அதுல என்ன பிரயோஜனம்? அழ விடக்கூடாது. அழுகை தொண்டைக்குழிக்கு வரும்போதே கண்டுபிடிச்சு ஒரு பாட்டை எடுத்து விட்டுரணும். எங்க குழுவுல தங்கபுஷ்பம்னு ஒருத்தி இருக்கா. அவ குரலை எடுத்தான்னா ஓட்டுல கிடக்குத புறா எல்லாம் பறந்துரும். அதுக்கு மேல எவளும் அழ முடியாது. அழுதாலும் வெளிய கேக்காது. பாட்டு முடிஞ்ச கையோட லீலா டீச்சர் ஒரு வசனத்தைச் சொல்லும். வசனம் முடிஞ்சா நான் ஜெபம். இடைவெளியே விடமாட்டோம். இடைவெளி விட்டாத்தான் மனுசனுக்கு யோசனை வருது, யோசனை வந்தா துக்கம் வருது.

இப்படி எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பேன்! என்னால ஆத்த முடியாத புண்ணுன்னு ஒண்ணு கிடையாது. ஒரே ஒருத்திதான் என்னைப் படாதபாடு படுத்திட்டா. அதுவும் வெளியாளு இல்லை. என் சொந்தத் தம்பி பொண்டாட்டி. ஜெயசீலின்னு பேரு. நாங்க சீலின்னு கூப்பிடுவோம். அவளைப் பாத்துட்டுத்தான் இப்ப வாரேன்.

தம்பி பேரு செல்வின். தம்பின்னா அடுத்தடுத்துப் பிறந்தவங்க இல்லை. எனக்கும் அவனுக்கும் நடுவுல ரொம்ப வருசம் இடைவெளி. எங்க அம்மா அவனைப் பெத்துப் போட்டுட்டுப் படுத்தவதான், எந்திரிக்கவே இல்லை. நான் இடுப்புல அவனைத் தூக்கி வெச்சுக்கிட்டுதான் தண்ணி எடுக்கப் போவேன். ராத்திரி என் தாவணி நுனியை வாயில வெச்சாத்தான் உறங்குவான் பய... அதெல்லாம் எதுக்கு இப்ப. பழைய கதை.

நல்ல பையன். போஸ்ட் ஆபீஸ்ல வேலை. சாயங்காலம் ஆனா பூப்பந்து ஆடப் போயிருவான். அன்னைக்கும் அப்படித்தான் போயிருக்கான். எதிர்ப்பக்கத்துல இருந்து பந்தை உசத்தி அடிச்சிருக்காவ. மைதானத்துல நின்னவங்க எல்லாரும் அண்ணாந்து பந்தைப் பாத்தாவளாம். பந்து கீழ வரும்போது இவன் தரையில கிடந்திருக்கான். நெஞ்சு. ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சிட்டான். நாங்க அப்படித்தான் சொல்லணும் தங்கச்சி. செத்துப்போனான்னு சொல்லக்கூடாது. நம்பிக்கை இல்லாதவங்கதான் அப்படிச் சொல்லுவாவ.

நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கேட்டுப் பாருங்க யார்கிட்ட வேணும்னாலும். பந்தல்காரனுக்கு எந்தப் பக்கம் கம்பு நடணும்னு சொன்னது நானு. நாற்காலி போதாதுன்னு பக்கத்துச் சபையில சொல்லி அனுப்பினது நானு. எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, பெட்டியை யாரு யாரு தூக்கணும், காப்பிக்குச் சீனி எவ்வளவு, எல்லாம் நானே. எங்க சபைப் போதகர் ஐயர் கூட என் பக்கத்துல வந்து, "கிருபாக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்"னாரு. "உக்காந்தா வேலை நடக்குமா ஐயரே"ன்னேன். என் விசுவாசத்தைப் பாத்து அவருக்கே கண்ணு கலங்கிட்டு. கல்லறைத் தோட்டத்துல ஒவ்வொருத்தரா மண்ணள்ளிப் போடும்போது எனக்குக் கை வரலை. வேன்காரன் கிளம்பப் பாத்தான், அவனை நிறுத்தணும்னு ஓடிட்டேன். அதனால போடலை. வேற ஒண்ணும் இல்லை.

அடுத்த நாளே பையை எடுத்துக்கிட்டு சீலி வீட்டுல போய்த் தங்கிட்டேன். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. தனியா விடலாமா? அவ என்னன்னா அழவும் இல்லை, பேசவும் இல்லை. அடுப்படி வாசல்ல உக்காந்து தரையைப் பாத்துட்டே இருக்கா. இது சாதாரணத் துக்கம் இல்லைன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன். தங்கபுஷ்பத்துக்கும் லீலா டீச்சருக்கும் போன் போட்டு வரவெச்சேன். காலையில ஒரு வேளை, மத்தியானம் ஒரு வேளை, விளக்கு வெச்ச பிறகு ஒரு வேளை. மாத்திரை கணக்கா ஊழியம் நடந்தது.

ஒரு நாள் லீலா டீச்சர் ரொம்ப அழகா ஒண்ணு சொல்லிச்சு. "சீலி, ஆண்டவர் தன் தோட்டத்துக்கு நல்ல பூ வேணும்னு ஆசைப்படுவாரு. அதான் செல்வினைப் பறிச்சுக்கிட்டாரு." எவ்வளவு ஆறுதலான வார்த்தை! சீலி நிமிந்து பாத்தா. அன்னைக்குத்தான் வாயைத் திறந்தா. என்ன சொன்னா தெரியுமா? "அவருக்குத் தோட்டமே இருக்கு டீச்சர். எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்."

பாத்தியளா வாயை? டீச்சருக்கு முகம் செத்துப்போச்சு. நான் உடனே தங்கபுஷ்பத்துக்குக் கண்ணைக் காட்டினேன். அவ பாட்டை எடுத்துட்டா.

பொறவுதான் எனக்கு மண்டையில உறைச்சது. வீடு முழுக்க அவன் சாமான் கிடக்குது. அதைப் பாத்துட்டே இருந்தா எப்படி ஆறும்? அவ குளிக்கப் போன நேரம் பாத்து எல்லாத்தையும் ஒதுங்க வெச்சேன். செருப்பு, கண்ணாடி, ஷேவிங் செட்டு, பூப்பந்து மட்டை, துணிமணி எல்லாம். ஒரு விடுதிக்குக் குடுத்தா பிள்ளைகளாவது உடுத்துமேன்னுதான். குளிச்சிட்டு வந்தவ அலமாரியைத் திறந்து பாத்துட்டு அப்படியே நின்னா. அப்புறம் என் கிட்ட வந்து மெதுவாத்தான் கேட்டா. "மைனி, கொடியில கிடந்த அந்த நீலச் சட்டையை மட்டும் தாங்க. அன்னைக்குக் காலையில ஆபீசுக்குப் போட்டுட்டுப் போனது. துவைக்காதது."

"துவைக்காத சட்டை எதுக்குட்டி உனக்கு?"ன்னு கேட்டேன்.

"வாசம் இருக்கு மைனி"ங்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. இது விக்கிரகாராதனை இல்லையா? சட்டையை வெச்சுக் கும்பிடுததுக்கும் கல்லை வெச்சுக் கும்பிடுததுக்கும் என்ன வித்தியாசம்? "குடுக்க முடியாதுட்டி, உன் நன்மைக்குத்தான் சொல்லுதேன்"னு சொல்லிட்டேன். விடுதிக்கு அழுக்குச் சட்டையை அனுப்பலாமா? நானே சோப்புப் போட்டுத் துவைச்சேன். ரொம்ப நேரம் துவைச்சேன்னு நினைக்கேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அக்கா, சட்டை கிழிஞ்சிரப் போகுது"ன்னு கையில இருந்து வாங்கினா. காலர்ல அழுக்கு போகவே மாட்டேன்னுட்டு. ஆம்பிளைங்க சட்டையே அப்படித்தான்.

இவ்வளவு செஞ்சும் அவ தேறலை. சபையில ஜனங்க கேக்க ஆரம்பிச்சிட்டாவ. "ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்லுதிய, உங்க தம்பி வீட்டுல ஏன் இப்படி இருக்கு"ன்னு ஒருத்தி மூஞ்சிக்கு நேரே கேட்டா. எனக்கு எப்படி இருக்கும்? என் பேரு போறது பெருசு இல்லை தங்கச்சி. ஊழியத்தோட பேரு போயிருமே!

அப்பத்தான் ஆண்டவர் ஒரு யோசனை குடுத்தாரு. வருசா வருசம் நாங்க ஆறுதல் கூடுகைன்னு ஒண்ணு நடத்துவோம். துக்கப்பட்ட பெண்கள் எல்லாரையும் வரவழைச்சு, வெளியூர்ல இருந்து பிரசங்கியாரைக் கூப்பிட்டு, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்புவோம். அதுல சீலியை மேடையேத்தி, ஆண்டவர் என் துக்கத்தை ஆத்தினாருன்னு சாட்சி சொல்ல வைக்கணும்னு முடிவு பண்ணினேன். நோட்டீஸும் அடிச்சாச்சு. "சாட்சி: சகோதரி ஜெயசீலி செல்வின். தலைப்பு: என் துக்கம் சந்தோஷமாய் மாறியது."

அவ நோட்டீஸைப் பாத்துட்டு, "மாறலையே மைனி"ங்கா.

"மேடை ஏறினா மாறிரும்"னேன்.

"பொய் சொல்லச் சொல்லுதியளா?"

"பொய் இல்லைட்டி, விசுவாசம். நடக்காததை நடந்ததாச் சொல்லுததுதான் விசுவாசம்."

என்ன பேசணும்னு நானே எழுதிக் குடுத்தேன். கண்ணாடி முன்னால நிக்க வெச்சுப் பழக்கினேன். எந்த இடத்துல நிறுத்தணும், எந்த இடத்துல சிரிக்கணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சு.

அன்னைக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். பிரசங்கியார் முன்வரிசையில உக்காந்திருக்காரு. சீலி வெள்ளைச் சேலை உடுத்து மேடை ஏறினா. மைக்கைப் பிடிச்சா. நான் கீழ நின்னு சிரிக்கச் சொல்லிச் சைகை காட்டுதேன். அவ என்னைப் பாக்கவே இல்லை. தாளை மடிச்சுக் கையில வெச்சுக்கிட்டா.

"என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டாவ"ன்னா.

அவ்வளவு பேரு முன்னால, அந்த வார்த்தையை! அவ நிறுத்தலை. "அவங்க போன பிறகு எனக்கு ஜெபம் வரலை. ஆண்டவர் மேல கோவமா இருக்கு. சமாதானமா இருக்கேன்னு சொல்லச் சொன்னாவ. எனக்குச் சமாதானம் இல்லை. எனக்கு அவங்கதான் வேணும். யாருக்காவது முடிஞ்சா எனக்காக ஜெபம் பண்ணுங்க. என்னால பண்ண முடியலை." அவ்வளவுதான். இறங்கிப் போய்க் கடைசி வரிசையில உக்காந்துட்டா.

மின்விசிறி சுத்துதது கேக்குது. நான் பதறிப்போய்த் தங்கபுஷ்பத்தைத் தேடுதேன். பாட்டெடுட்டின்னா, அவ முந்தானையை வாயில அமுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ புருசன் போயி எத்தனையோ வருசம் ஆச்சு. நாந்தான் அப்பவே ஆத்தி விட்டேன். இப்ப என்ன புதுசா அழுகை? அதுக்குள்ள நடுவரிசையில ஒரு அம்மா, மகனைப் பறிகுடுத்தவ, எந்திரிச்சுப் போய் சீலி பக்கத்துல உக்காந்தா. பொறவு இன்னொருத்தி. பொறவு இன்னொருத்தி. சும்மா போய் உக்காந்து, மாறி மாறிக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாவ. என் கூட்டத்துல! அழவே கூடாதுன்னு நடத்துத கூட்டத்துல!

பிரசங்கியார் தயாரிச்சுட்டு வந்த பிரசங்கத்தைச் செய்யவே இல்லை. "இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு"ன்னு சுருக்கமா ஜெபம் பண்ணிட்டு உக்காந்துட்டாரு. கூட்டம் கெட்டுப்போனதுல அவருக்கு வருத்தம், பாவம். மத்தியானம் பந்தியில பாத்தா எல்லாப் பெண்களும் சீலியைச் சுத்தி. எனக்கு எதிர்ல மூணு நாற்காலி காலியாக் கிடந்தது. நான் பிரியாணி நல்லா இருக்கான்னு ஒவ்வொரு வரிசையாப் போய் விசாரிச்சேன். விசாரிக்க ஒரு ஆளு வேணுமில்லா?

அதுக்கப்புறம் அவ எனக்குச் சொல்லாமக் கொள்ளாமக் கடக்கரைப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதிப் போட்டிருக்கா. அவ பள்ளிக்கூடத்து டீச்சர். மாதாநகர்னு ஒரு ஊரு. மீன்பிடிக்கிறவங்க ஊரு. முழுக்க ஆர்.சி. காரங்க. நம்ம சபையே அங்க கிடையாது. "எதுக்குட்டி அந்தப் பொட்டக்காட்டுக்குப் போற?"ன்னு கேட்டேன். "அங்க யாரையும் எனக்குத் தெரியாது மைனி"ங்கா. இதெல்லாம் ஒரு காரணமா?

போன பிறகு விசாரிச்சா, சாயங்காலம் ஆனா அவ அந்த ஆர்.சி. கோயில்ல போய் உக்காந்திருக்காளாம்! எங்க வீட்டு மருமவ! எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க சிலைக்கு முன்னால நின்னது கிடையாது. கேள்விப்பட்ட அன்னைக்கே உபவாச ஜெபம் போட்டேன். சீலியின் மீட்புக்காகன்னு சபையில அறிவிக்கச் சொன்னேன். ஐயர் அறிவிக்க மாட்டேன்னுட்டாரு. அவருக்கும் இப்பெல்லாம் விசுவாசம் குறைஞ்சிட்டு.

ஜெபம் மட்டும் போதாது, நேரே போய்க் கையோட கூட்டிட்டு வந்துருவோம்னுதான் இன்னைக்குக் காலையில கிளம்பினேன்.

போனா, வீட்டுல இல்லை. சனிக்கிழமைல்லா, லீவு. கடக்கரையில நிக்கான்னாவ. போய்ப் பாக்கேன், வலை உலத்துத பொம்பிளைங்களோட உக்காந்து சிரிச்சுட்டு இருக்கா. சதை போட்டிருக்கா. முகம் கறுத்துப் போயிருக்கு, ஆனா தெளிவா இருக்கு. என்னைப் பாத்ததும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சா. "மைனி, சாப்பிட்டியளா?"ன்னுதான் முதல்ல கேட்டா. நான் திட்டணும்னு போனவ, திட்டு மறந்துபோச்சு. மீன் குழம்பு வெச்சுப் போட்டா. ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வாதாடத் தெம்பு வேணுமில்லா?

சாப்பிட்ட கையோட கேட்டுட்டேன். "என்னட்டி, சிலையைக் கும்பிடுதியாமே?"

"இல்லை மைனி. சண்டை போடப் போனேன்."

"யார்கூட?"

"ஆண்டவர்கூடத்தான். நம்ம கோயில்ல போனா எல்லாரும் என்னையே பாத்தாவ. தேறிட்டாளா தேறிட்டாளான்னு பாத்தாவ. இங்க ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. மத்தியானத்துக்கு மேல கோயில் சும்மாதான் கிடக்கும். உள்ள போய் உக்காந்து திட்டுவேன். ஏன் எடுத்தீரு, எதுக்கு எடுத்தீருன்னு வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பதிலும் வரலை, வெளிய போன்னும் சொல்லலை. தினமும் போனேன். தினமும் கேட்டுட்டே இருந்தாரு. ஒரு நாள் போய் உக்காந்தா திட்டுததுக்கு ஒண்ணும் இல்லை மைனி, எல்லாம் தீந்துபோச்சு. சும்மா உக்காந்திருந்தேன். அப்ப அழுகை வந்தது. அழுது முடிச்சப்போ, நான் தனியா உக்காந்து அழலைன்னு தோணிச்சு. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். அன்னையில இருந்து ஜெபம் வருது. வலி இருக்கு. ஆனா தூக்கிட்டு நடக்க முடியுது."

இதுக்குப் பேரு ஜெபமா தங்கச்சி? பாட்டு இல்லை, வசனம் இல்லை, ஆண்டவரைப் போய்த் திட்டியிருக்கா! ஆனா ஒண்ணு, நியாயமாப் பேசணும். அவ தேறிட்டா. அது நிசம். யோசிச்சுப் பாத்தா, அதுக்கு நாந்தான் காரணம். அவ்வளவு நாள் அவ காதுல ஓதி வெச்சது வீணாப் போகுமா? அங்க போன பிறகு வேலை செஞ்சிருக்கு. சில மருந்து அப்படித்தான், மெதுவாத்தான் பிடிக்கும். அடுத்த கூடுகையில என் சாட்சியா இதைச் சொல்லலாம்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

நான் கிளம்பும்போது, "பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு, வாங்க மைனி, கோயிலைப் பாத்துட்டுப் போலாம்"னு கையைப் பிடிச்சா. நான் ஒண்ணும் கும்பிடப் போகலை. கூட்டிட்டுப் போனா, போனேன். பெரிய கோயில். ஜன்னல் வழியா கடல் தெரியுது. உள்ள ரெண்டு மூணு கிழவிங்க முழங்கால்ல நிக்காவ. சீலி ஒரு பெஞ்சில என்னை உக்கார வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்தா. பேசவே இல்லை. எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

அப்ப அவ குனிஞ்சுட்டே கேட்டா. "மைனி, அவங்க உங்களைத்தான் அம்மா அம்மான்னு சொல்லிட்டே இருப்பாவ. நான் அழுததை இத்தனை பேரு பாத்தாச்சு. நீங்க யார்கிட்ட அழுதிய?"

"நான் எதுக்குட்டி அழணும்? நான் ஊழியக்காரி"ன்னேன்.

அவ என் கையை எடுத்துத் தன் மடியில வெச்சுக்கிட்டா. சரி, இவ்வளவு தூரம் வந்துட்டோம், இவளுக்காகச் சத்தமா ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போவோம்னு எந்திரிச்சு நின்னேன். கண்ணை மூடினேன். அன்புள்ள ஆண்டவரேன்னுதான் ஆரம்பிச்சேன். சத்தியமா அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா வாயில "எலேய் செல்வினு"ன்னு வந்துட்டு.

ஊருக்கே கேக்குத மாதிரி. சாயங்காலம் விளையாடப் போன பிள்ளையைத் தெருவுல நின்னு கூப்பிடுவோமே, அந்த மாதிரி. அந்தக் கோயில்ல கூரை ரொம்ப உசரம். நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன், அது ரெண்டு மூணு தடவை கூப்பிட்டுட்டு. முழங்கால்ல நின்ன கிழவிங்க திரும்பிப் பாத்தாவ. பாத்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடியும் திரும்பிக்கிட்டாவ. இந்த ஊர்ல இது சகஜம் போல.

காலையில வெறும் வயித்துல பிரஷர் மாத்திரை போட்டேன் பாத்துக்கிடுங்க. அதனாலதான். மீன் குழம்பும் கொஞ்சம் காரம். தலை சுத்தி உக்காந்துட்டேன். ஒரு வசனம் சொல்லத் தெரியலை சீலிக்கு. முதுகைத் தடவிட்டே இருந்தா. நான் என்னென்னமோ சொல்லியிருக்கேன். எங்க அம்மா, தாவணி, மண்ணள்ளிப் போடாதது எல்லாம். அவதான் சொல்லுதா, எனக்கு ஞாபகம் இல்லை. நான் பிடிக்க இருந்த பஸ்ஸு போயிட்டு. திசையன்விளைக்கு வந்து பாத்தா அடுத்த பஸ்ஸு இதுதான்.

"இன்னைக்கு இங்கனயே இருங்க மைனி"ன்னு எவ்வளவோ சொன்னா. எப்படி இருக்க முடியும்? பாளையில ஒரு துக்க வீடு இருக்கு. சின்னப் பொண்ணு, புருசன் போயிட்டாரு. தங்கபுஷ்பமும் லீலா டீச்சரும் மார்க்கெட் ஸ்டாப்புல எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாவ. நான் போகாட்டி யாரு ஜெபம் பண்ணுவா? அந்தப் பிள்ளையை அழ விட்டுருவாவ.

என்ன, மார்க்கெட் வந்துட்டா? அதுக்குள்ளயா? ஆமா, கண்டக்டர் தம்பி, நான் இறங்கணும். இறங்கணும்... அந்தா நிக்காவ பாருங்க ரெண்டு பேரும். தங்கபுஷ்பம் பெரிய பாட்டுப் புஸ்தகத்தையும் தூக்கிட்டு வந்திருக்கா.

எந்திரிக்க வரலையே தங்கச்சி.

கொஞ்சம் இருங்க தம்பி, விசில் அடிக்காதீங்க... இல்லை, அடிங்க. அடிங்க. பரவாயில்லை. பஸ்ஸு எதுவரைக்கும் போகுது? ஜங்ஷன் வரைக்குமா? அங்க இறங்கிக்கிடுதேன். டிக்கெட்டுக் குடுத்துருங்க.

போனு அடிக்குது. அடிக்கட்டும். தங்கபுஷ்பந்தான். இன்னைக்கு அவளே போய் அந்தப் பிள்ளை பக்கத்துல உக்காரட்டும். பாட்டுப் பாடணும்னு கூட இல்லை.

தங்கச்சி, ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்கிட மாட்டியளே? ஜங்ஷன் வரைக்கும் கொஞ்சம் பேசாம இருக்கியளா. எனக்கு என் தம்பி செத்துப்போயிட்டான்.